குங்குமம் கூட்டல், திருநீறு கழித்தல்

ஆவணி முகூர்த்த ஞாயிறு ஒன்றில், காலை வழிபாட்டுக்கு நந்தியாவட்டை பறித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. பெருந்துறைக்கு அருகிலிருந்து அர்த்தநாரியின் மகள் சித்ரா பேசினார். "ஐயா, அப்பா போயிட்டாருங்க. வெடியால நாலு மணிக்குங்க. பதினொண்ணரைக்கு எடுக்கறமுங்க." சற்று நேரம் விம்மல் மட்டும் கேட்டது. பிறகு, "அப்பா உங்ககிட்டக் கேட்டுக்கிட்டது ஞாபகம் இருக்குதுங்களா?" என்றார்.

இருந்தது. நம் வார வழிபாட்டு மன்றத்தின் வண்டியை ஒன்பது ஆண்டுகள் ஓடும் நிலையில் வைத்திருந்தவர், மூன்று வாரங்களுக்கு முன் நெஞ்சுவலி கண்டு மகள் வீட்டுக்குப் புறப்பட்ட அன்று, என் வாசலில் நின்று சொன்னார்: "நான் போறப்ப நீங்கெல்லாம் நம்ம வண்டியிலயே வந்து ஒரு பதிகம் பாடிப்போட்டுப் போகோணுங்க. வண்டி ஸ்டார்ட் ஆகலீன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க." அமங்கலமாகப் பேசாதீர்கள் என்று கடிந்துகொண்டேதான் வாக்குக் கொடுத்தேன்.

மறைந்தவரைப் பற்றி எழுதுகையில் குறைகளை விலக்கி நிறைகளை மட்டும் தொகுப்பது மரபு. மன்றத்து அன்பர்களாகிய நீங்களோ அர்த்தநாரியை நன்கு அறிந்தவர்கள். அவர் நம் பொறுமையை எத்தனை முறை எல்லை வரை கொண்டு சென்றார் என்பதை மறைத்து எழுதினால், எஞ்சியதையும் நம்ப மாட்டீர்கள். ஆகவே உள்ளபடியே எழுதுகிறேன்.

முதலில் சத்தியமங்கலம். பவானிக் கரையில் ஒரு கோயிலில் வழிபாட்டை நிறைவு செய்து இரண்டு மணி வெயிலில் வெளியே வந்தோம். நம் ஓட்டுநர் துரைசாமி சாவியைத் திருகினார். 'டிக்' என்ற ஒலிக்கு மேல் ஒன்றும் இல்லை. மீண்டும் திருகினார். மீண்டும் அதே ஒலி.

"சாவிய உடுங்க துரைசாமி. பசிச்சுக் கெடக்கறவன அடிச்சா வேலை செய்வானுங்களா?" என்றபடி அர்த்தநாரி இறங்கினார். மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த அவசரத்திலும் அவருடைய நடை ஒன்றுதான். என் பக்கம் திரும்பி, "ஐயா, ஆரன் அடிங்க" என்றார்.

பட்டு வேட்டியும் உருத்திராக்கமுமாக நின்ற என்னை, நடுவெயிலில், ஒரு கோயில் வாசலில்!

"தள்ளிவிட்டுக் கிளம்பலாம் அர்த்தநாரி. கோபியில் நான்கு மணிக்குக் காத்திருக்கிறார்கள்."

"அடிங்கய்யா. வண்டிக்குப் பேசறதுக்கு இருக்கறது அந்த ஒரே வாய்தானுங்க."

அடித்தேன். கிணற்றுக்குள் கிடக்கும் தவளையைப் போல ஒரு முனகல் எழுந்தது. அவருக்கு அதில் ஏகப்பட்ட திருப்தி. "பாத்தீங்களா, சொல்லிருச்சு. கணீர்னு கத்திப்போட்டு இஞ்சின் மட்டும் சுத்தலீன்னா நோவு வேற எடத்துல. இப்படி மொனகுனா வவுத்துல ஒண்ணுமில்லீன்னு அர்த்தம்." பின்னர் முன் இருக்கையைத் தூக்கினார். அதன் கீழேதான் பேட்டரியும் இஞ்சினும் இருக்கின்றன. பேட்டரியின் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. ஆர்மோனியம் வாசிக்கும் சரஸ்வதி அம்மாளின் பிளாஸ்க்கை யாரையும் கேளாமல் எடுத்து, அதிலிருந்த வெந்நீரை முனைகள்மீது ஊற்றிவிட்டார்.

"ஏனுங்ணா, அது எந்தொண்டைக்கு வெச்சதுங்க!"

"வண்டிக்கும் தொண்டை கட்டிருச்சுங்கம்மா."

முனைகளைத் துடைத்து, இறுக்கி, பக்கத்துத் தோட்டத்து டிராக்டரை அழைத்து வந்து, கேபிள் மாட்டி, டிராக்டரை ஓடவிட்டுப் பத்து நிமிடம் சும்மா நிற்க வைத்து, அதன்பின் வண்டியைக் கிளப்பினார். கோபிக்கு ஆறு மணிக்குச் சென்று சேர்ந்தோம். அன்று நான் அவரிடம் பேசவில்லை. அதை அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை.

அவர் ஊரில் இல்லாத ஒரு நாளில் நானும் துரைசாமியும் அந்தக் கேபிளைத் தலைகீழாக மாட்டி, தீப்பொறி பறக்க, வேட்டியில் இரண்டு ஓட்டைகளோடு தப்பித்த கதை உங்களுக்குத் தெரியும். அடுத்த வாரம் இருக்கையைத் தூக்கிப் பார்த்தபோது, ஒரு முனையில் கிரீஸோடு குங்குமத்தைக் குழைத்துப் பூசியிருந்தார், மறுமுனையில் திருநீறு. கேபிளின் கொக்கிகளிலும் அவ்வாறே.

"குங்குமம் கூட்டலுங்க, திருநீறு கழித்தலுங்க. சேப்பு மொதல்ல, ரெண்டு பேட்டரியிலயும் குங்குமத்து மேல. பொறவு கறுப்பு. அதுல ஒரு நுனி நல்ல பேட்டரியோட திருநீத்துல. கடைசி நுனி மட்டும் செத்த பேட்டரி மேல வெக்காதீங்க, அக்கட்டால இஞ்சின் இரும்பு மேல வெயுங்க. பொறி பறந்தாலும் பேட்டரிக்குப் பக்கத்துல பறக்கக் கூடாதுங்க."

திருநீற்றைக் கிரீஸில் குழைக்கும் துணிவு ஒரு மனிதனுக்கு எப்படி வரும் என்று சினந்தேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எம்பேரே அர்த்தநாரிதானுங்க. ஒரு பக்கம் குங்குமம், ஒரு பக்கம் திருநீறு. ரெண்டும் சேந்தாத்தானுங்க கரண்டு."

அம்மையும் அப்பனும் ஓருருவாய் நிற்கும் அந்தத் திருக்கோலத்தின் தத்துவத்தை நான் மூன்று மணி நேரம் விரித்துரைத்திருக்கிறேன். அதிலிருந்து ஒரு சொல்லையும் இன்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. இந்த ஒற்றை வரியை மன்றம் முழுவதும் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

இனி விளக்கு. வண்டி வந்த நாளில், அதன் முகப்பில், கண்ணாடிக்கு உட்புறம், அம்மையப்பர் படத்தை வைத்து, அதன் முன் ஒரு சிறிய பல்பைப் பொருத்தச் செய்தேன். சாவியை எடுத்த பின்னும் அணையாதவாறு நேரே பேட்டரியோடு இணைக்கச் சொன்னேன். இறைவன் புகழ் ஏறிச் செல்லும் வண்டி கோயிலுக்கு நிகர். கோயிலில் விளக்கு அணையலாகாது. அந்தப் பல்பைத் தன் கையால் முறுக்கி ஏற்றியவள், நீங்கள் எல்லோரும் 'அம்மா' என்று அழைத்த என் மனைவி அன்னபூரணி. மூன்றே மாதங்களில் அவள் இறைவனடி சேர்ந்தாள்.

பேட்டரி ஏன் வாரந்தோறும் இறங்குகிறது என்பதை அர்த்தநாரி இரண்டாவது மாதமே கண்டுபிடித்துவிட்டார். "ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமைதான் வண்டி ஓடுதுங்க. நடுவுல ஆறு நாளும் அந்தப் பல்பு உக்காந்து தின்னுட்டிருக்குது. சின்னதா ஒரு எல்.இ.டி. போட்டுக்கலாமுங்க. மாசக்கணக்கா எரிஞ்சாலும் பேட்டரிக்குத் தெரியாது." நான் மறுத்தேன். அந்த நீல வெளிச்சம் கைப்பேசிக் கடைக்குப் பொருந்தும், தெய்வத்துக்குப் பொருந்தாது என்றேன். ஒரு சுவிட்சாவது வைக்கலாம் என்றார். அதையும் மறுத்தேன். மனைவி மறைந்த பிறகு, அது அவள் கைபட்ட பல்பு, அதை யாரும் தொடக் கூடாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். அவர் "சரிங்க" என்றார். விவாதத்தில் வென்றதாக நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகுதான் உண்மையான தொல்லை தொடங்கியது. புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் காலை ஏழு மணிக்கு, சரியாக நான் பூசையில் அமரும் நேரத்தில், வண்டி நிற்கும் என் வீட்டு வாசலில் மொபெட்டில் வந்து இறங்குவார். வண்டியைக் கிளப்பித் தடாகம் சாலை வரை ஓட்டிச் சென்று திரும்புவார். திரும்பிய பின்னும் என் சன்னலுக்குக் கீழே அதை நிறுத்திக் கால் மணி நேரம் உறும விடுவார். ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் தெரு அகலமானது. அந்த வண்டியின் ஓசை அதைவிட அகலமானது. எதிர்வீட்டு நடராஜன் என்னிடம் முறையிட்டார். நான் அர்த்தநாரியிடம் முறையிட்டேன்.

"பூசை நேரத்தில்தான் இதைச் செய்ய வேண்டுமா?"

"நீங்க உள்ளார பூப்போடறீங்க. நான் வெளிய உங்க சாமிக்குச் சோறு போடறனுங்க."

ஒருநாள் அவர் முகப்பில் குனிந்து விளக்கின்மேல் கைவைத்திருப்பதைப் பார்த்துவிட்டேன். "கையை எடுங்கள்!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவர் திடுக்கிட்டு நிமிர்ந்து தலையை மேற்கூரையில் இடித்துக்கொண்டார். "தொடைக்கறனுங்க ஐயா, தூசிங்க" என்றார்.

சென்ற மார்கழியில், நிறைந்த சபையில், அந்த விளக்கைப் பற்றிப் பேசினேன். ஒரு தூய கை ஏற்றிய விளக்கு இத்தனை ஆண்டுகளாக ஒருமுறைகூடப் பழுதாகவில்லை, இதற்கு எந்த அறிவியல் விளக்கம் தரும் என்று வினவினேன். சபை உருகியது. பின்வரிசையில் அர்த்தநாரிக்கு மட்டும் இருமல் வந்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. கூட்டம் கலைந்ததும் அருகில் வந்து, "பேச்சு நல்லா இருந்துச்சுங்க. சித்தெ நீளமுங்க" என்றார்.

செய்தி வந்த காலைக்குத் திரும்புகிறேன். ஏழரை மணிக்கு நாம் ஒன்பது பேரும் வண்டியருகில் கூடினோம். அவர் மகள் வீட்டுக்குப் போன நாள்முதல் வழிபாடுகள் என் வீட்டுக் கூடத்திலேயே நடந்ததால், மூன்று வாரமாக வண்டியை யாரும் தொடவில்லை. துரைசாமி சாவியைத் திருகினார். இம்முறை 'டிக்' என்ற ஒலியும் இல்லை.

"நீங்கள் ஏதாவது செய்யுங்கள் துரைசாமி."

"ஓட்டறதுதானுங்க என் வேலை. ஸ்டார்ட் பண்றது அர்த்தநாரியோட வேலைங்க."

வாடகை வண்டிகளைக் கேட்டோம். முகூர்த்த நாளில் அத்தனையும் கல்யாணத்துக்குப் போயிருந்தன. தள்ளலாம் என்றேன். அடியோடு செத்த பேட்டரியை வைத்துத் தள்ளினால் நம் இடுப்புவலிதான் ஸ்டார்ட் ஆகும் என்று அர்த்தநாரி பலமுறை சொன்னதைச் சரஸ்வதி அம்மாள் நினைவூட்டினார். அதற்காகவே தள்ளினேன். அறுபதுக்கும் எண்பதுக்கும் இடைப்பட்ட எட்டுப் பேர், ஒரு மேடு பள்ளமும் இல்லாத தெருவில், அந்த இரும்புப் பாறையை நடராஜன் வீட்டு வாசல் வரை நகர்த்தினோம். அங்கே அது நின்றுவிட்டது. எட்டரை ஆகியிருந்தது.

நிலையாமையைப் பாடும் செய்யுள்கள் நூற்றுக்கு மேல் எனக்கு மனப்பாடம். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வந்ததெல்லாம் அந்த மனிதரின் தொணதொணப்புத்தான். 'மொதல்ல எரியறது அத்தனையும் நிறுத்துங்க.' உள்விளக்கு, விசிறி, ஒலிபெருக்கி என்று ஒவ்வொன்றாக நிறுத்தினேன். கடைசியாக அம்மையப்பர் படத்தைப் பார்த்தேன்.

விளக்கு அணைந்திருந்தது. எத்தனை நாளாகவோ அணைந்து கிடந்திருக்கிறது. அணையா விளக்கு என்று சபையில் முழங்கியவன், அது அணைந்ததைக் கவனிக்கக்கூட இல்லை. நான் அதை எரிய விட்டிருந்தேன், அவ்வளவே. எரிய வைத்துக்கொண்டிருந்தவர் புதன்தோறும் வெள்ளிதோறும் மொபெட்டில் வந்துகொண்டிருந்தார்.

நடராஜன் தம் காரை வண்டியை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார். முன் இருக்கையைத் தூக்கினேன். பேட்டரிக்குப் பக்கத்தில் மஞ்சள் பையில் கேபிள் இருந்தது. முனைகளில் குங்குமமும் திருநீறும் மங்காமல் இருந்தன. மகள் வீட்டுக்குப் புறப்படும் முன் அவர் புதிதாகப் பூசியிருக்க வேண்டும்.

"ஐயா, உங்களுக்கு இது தெரியுமுங்களா?" நடராஜன் தம் காரின் பேட்டரியையே கவலையோடு பார்த்தார்.

"தெரியும். பேசாமல் இருங்கள்."

சிவப்பு, குங்குமத்தின் மேல். மறுநுனி, காரின் கூட்டலில். கறுப்பு, காரின் கழித்தலில். கடைசிக் கொக்கியை என் கை தானாகவே நம் பேட்டரியின் திருநீற்றை நோக்கிக் கொண்டு சென்றது. 'அக்கட்டால வெயுங்க.' விலக்கி, இஞ்சின் இரும்பில் மாட்டினேன். காரை ஓடவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தோம். ஆரன் அடித்தேன். முனகியது. மேலும் ஐந்து நிமிடம். மீண்டும் அடித்தேன். கணீரென்று கேட்டது.

"துரைசாமி, இப்போது."

வண்டி இருமி, உதறி, உறுமியது. சரஸ்வதி அம்மாள் கைதட்டினார். கேபிள் மாட்டியதும் படத்தின் முன் மீண்டும் எரியத் தொடங்கியிருந்த பல்பு ஒரு கணம் பளீரென்று எரிந்து அணைந்தது. தொட்டுப் பார்த்தேன். கண்ணாடி கறுத்திருந்தது.

வண்டி அவிநாசி சாலையில் ஏறியது. அன்னபூரணியின் கைபட்ட அந்தப் பல்பும் போயிற்று. அதுவும் இந்த மனிதர் போன அதே நாளில் என்று எண்ணியபடி, கேபிளைச் சுருட்டிப் பையில் வைக்கப் போனேன். பையின் அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா தட்டுப்பட்டது. உள்ளே, அதே அளவில், ஆறு புதிய பல்புகள். அவற்றோடு மடித்த திருநீற்றுப் பொட்டலம் ஒன்று. அதன்மேல் பால்பாயிண்ட் பேனாவால் 'அம்மாவுது' என்று எழுதியிருந்தது. பிரித்தேன். கறுத்துப்போன ஒரு பழைய பல்பு.

"இது என்ன?" என்று உரக்கவே கேட்டுவிட்டேன்.

சரஸ்வதி அம்மாள்தான் வாய்திறந்தார். "அந்தப் பல்பெல்லாம் அஞ்சாறு மாசந்தானுங்க ஐயா தாங்கும். அண்ணன் மாத்திட்டே இருந்தாருங்க. எல்லாத்துக்கும் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

"மார்கழியில் நான் பேசியபோது?"

"அப்பவுந்தானுங்க."

"ஒருவராவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"அம்மா தவறுனப்ப நீங்க ரெண்டு மாசம் பாடவே வரலீங்க. ஒரு நாள் வண்டிகிட்ட வந்து நின்னு, அந்த வௌக்கு எரியறதப் பாத்துப்போட்டுத்தான் ஏறுனீங்க. அதுக்கு மொத வாரந்தான் பல்பு போயி அண்ணன் புதுசு போட்டிருந்தாருங்க. சொன்னா மறுக்கா எறங்கிருவாருன்னு சொல்லிப்போட்டாரு."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். நிறைந்த சபையில் என்னை அறிவிலியாக்கிவிட்டு, இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். கேட்க வேண்டியவை நிறைய இருந்தன. கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஒரே மனிதர் பெருந்துறைக்கு அருகில் ஒரு வீட்டு வாசலில் கிடத்தப்பட்டிருந்தார். கருமத்தம்பட்டி தாண்டியதும், கறுத்த பல்பைக் கழற்றிவிட்டு, டப்பாவிலிருந்து ஒரு புதிய பல்பை எடுத்து முறுக்கினேன். எரிந்தது.

பதினொன்றே முக்காலுக்குச் சென்று சேர்ந்தோம். எடுக்கச் சொல்லி உறவினர்கள் அவசரப்படுத்தியிருக்கிறார்கள். சித்ரா அசையவில்லையாம். என்னைக் கண்டதும், "வண்டி வந்துருமுன்னு சொன்னனுங்க. ஸ்டார்ட் ஆகறதுக்கு நேரமாகும், பொறுங்கன்னு அப்பாவே சொல்லியிருந்தாருங்க" என்றார். அழுகையினூடே அவருக்குச் சிரிப்பும் வந்தது.

மறுபடி கிளம்பாமல் போய்விடுமோ என்று அஞ்சிய துரைசாமி, இஞ்சினை நிறுத்த மறுத்துவிட்டார். எனவே அந்த டீசல் உறுமல் பந்தலுக்கு வெளியே தொடர்ந்துகொண்டிருக்க, சரஸ்வதி அம்மாள் ஆர்மோனியத்தை எடுத்துக்கொள்ள, பதிகம் பாடினோம். சுருதி சேரவே இல்லை. ஐம்பது ஆண்டுகளில் நான் இத்தனை சுருதி பிசகிப் பாடியதில்லை. கடைக்காப்பான பதினோராம் பாட்டு வரை ஒன்றையும் விடாமல் பாடினேன்.

அவரிடமிருந்து எனக்கு எஞ்சியவை இவை: திருநீற்றுப் பொட்டலத்தில் ஒரு கறுத்த பல்பு, இப்போது என் பூசை அலமாரியில் இருக்கிறது. முகப்பில் எரியும் ஒன்று போக, டப்பாவில் ஐந்து புதிய பல்புகள். அவை தீர்ந்ததும் அவர் சொன்ன எல்.இ.டி.யையே போட்டுக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறேன். அந்த நீலம் எனக்குப் பிடிக்கப்போவதில்லை. அதுவரை அவர் முறைதான். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆகவே புதனும் வெள்ளியும் காலை ஏழு மணிக்கு, வாசலில் நிறுத்தியபடியே கிளப்பி, ஒரு மணி நேரம் உறும விடுகிறேன்.

சென்ற வெள்ளியன்று நடராஜன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏனுங்க ஐயா, அவருதான் போயிட்டாரேன்னு பாத்தா, இப்ப நீங்களுங்களா? பூசை நேரத்துல என்னதானுங்க பண்றீங்க?"

"சாமிக்குச் சோறு போடறனுங்க" என்றேன்.